எதிர்க்கத் தெரியாத எலி

சின்ன காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். வரதராஜப் பெருமாளைச் சேவிப்பது ஒன்று. பட்டுப் புடவை எடுப்பது இன்னொன்று. முதலாவதற்கு வந்தவர்கள் இரண்டாவதையும் முடித்துக்கொண்டு போவது உண்டு. இரண்டாவதற்கு வந்தவர்கள் முதலாவதை மறந்துவிட்டுப் போவதும் உண்டு. கோயிலுக்குள் போனவர்கள் விதானத்தில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு, நோயும் தோஷமும் அதோடு தொலைந்தன என்ற நிம்மதியுடன் வெளியே வருகிறார்கள். மனிதன் தன் சங்கடத்தை ஒரு சிறு பிராணியிடம் ஒப்படைத்துவிட்டு வருவது இந்த ஊருக்குப் புதிய விஷயமல்ல.

இந்தக் கட்டுரையும் ஒரு சிறு பிராணியைப் பற்றியதுதான். இருபது, இருபத்தைந்து கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலி. அதை நம் வீட்டுப் பரணில் விட்டால் சில நாள்கூடப் பிழைக்காது. வடிகட்டிய காற்றும், கிருமி நீக்கிய தீனியும், கிருமி நீக்கிய தண்ணீரும் கொடுத்தால்தான் வாழும். நோயை எதிர்க்கும் சக்தி அதற்கு அறவே கிடையாது. அப்படிப்பட்ட எலியின் உடம்பில்தான் புற்றுநோயை எதிர்ப்பதற்கு மனிதன் இதுவரை செய்திருக்கும் ஆயுதங்களில் மிகக் கூர்மையான ஒன்றைப் பரீட்சை பார்த்தார்கள்.

எலிக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தச் சம்பந்தம் 1968-ஆம் ஆண்டில் இருக்கிறது.

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் சி. என். அண்ணாதுரை. அவர் வாழ்ந்த வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இன்று நினைவில்லமாக இருக்கிறது. 1967-இல் அவர் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க்குக்குப் போனார். அங்கே மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் மில்லர் என்ற நிபுணர் அறுவை சிகிச்சை செய்தார். படித்துக்கொண்டிருந்த நாவலை முடித்துவிட்டுத்தான் கத்திக்கு உடன்படுவேன் என்று அண்ணா சொன்னதாக ஒரு செய்தி இன்றும் வழங்கி வருகிறது. நாவல் படிக்கிறவர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. நவம்பரில் ஊர் திரும்பினார். நோயும் திரும்பியது. 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, அறுபது வயது நிறையுமுன்பே காலமானார். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இருக்கும் அரசாங்கப் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அண்ணா நியூயார்க்குக்குப் போன அதே 1968-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தில் பாண்டெலூரிஸ் என்ற விஞ்ஞானி ஒரு மொட்டை எலியை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொட்டை எலி என்றால் உடம்பில் ரோமமே இல்லாத எலி. 1962-இல் அதே கிளாஸ்கோவில் ரூச்சில் மருத்துவமனையின் ஆராய்ச்சிக் கூடத்தில் தற்செயலாகப் பிறந்தது. இப்படிப்பட்ட குறைப் பிறவிகளை எலி வளர்க்கிற இடங்களில் தூக்கிப் போட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் அதைத் தூக்கிப் போடவில்லை. எடின்பரோவில் ஃபிளானகன் என்பவர் அதன் வம்சத்தை வளர்த்து, இந்தக் குறை பரம்பரையாக வருகிறது என்று 1966-இல் எழுதினார். ஏன் இந்த எலிகள் சீக்கிரம் சாகின்றன என்ற கேள்வி பாக்கி நின்றது. மார்புக்குள் பார்த்த பாண்டெலூரிஸுக்கு விடை கிடைத்தது. அங்கே இருக்க வேண்டிய தைமஸ் சுரப்பியைக் காணோம்!

தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு சதைக் கட்டி. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிப் போகும். வெகுகாலம் வரை அதனால் உபயோகம் ஒன்றும் இல்லை என்றே வைத்தியர்கள் நினைத்திருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளம் டாக்டர், எலிகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை நீக்கிப் பார்த்தார். அந்தக் குஞ்சுகள் சாதாரணக் கிருமிகளைக்கூடத் தாங்க முடியாமல் செத்தன. வேறொரு எலியின் தோலை அவற்றின்மேல் ஒட்ட வைத்தால் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டன. தைமஸில் பக்குவப்படும் ஒருவகை வெள்ளை அணுக்கள்தாம் உடம்பின் போர்வீரர்கள் என்பது அதிலிருந்து புலப்பட்டது. தைமஸின் முதல் எழுத்தைக் கொண்டே அவற்றுக்கு டி செல் என்று பெயர் வந்தது.

இங்கே ஒரு வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு இடம் கேட்டு வருகிறவனிடம், ஊர் எது, உத்தியோகம் என்ன, குழந்தைகள் எத்தனை என்று ஆயிரம் கேள்வி கேட்டு, கடைசியில் இடம் இல்லை என்று கதவைச் சாத்துகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். ஆரோக்கியமான உடம்பு அப்படிப்பட்ட வீட்டுக்காரர். மனிதனிடமிருந்து எடுத்த புற்றுக் கட்டியைச் சாதாரண எலியின் உடம்பில் வைத்தால், டி செல்கள் அதை அந்நியன் என்று கண்டுகொண்டு சில நாட்களில் அழித்துவிடும். ஆகவே மனிதப் புற்றுநோயை எலியின் உடம்பில் வளர்த்து மருந்து பரீட்சிப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது. மனிதன்மேலேயே பரீட்சித்துப் பார்ப்பது நியாயமல்ல. என்ன செய்வது?

மொட்டை எலி அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அண்ணா காலமான அதே 1969-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்தில் ரிகார்ட், போவ்ல்சன் என்ற இருவர், ஒரு நோயாளியின் பெருங்குடல் புற்றை மொட்டை எலிக்குள் வைத்தார்கள். அது தங்கி வளர்ந்தது. மனிதனுடைய நோயைச் சுமக்கும் எலி கிடைத்தது.

ஆனால் மொட்டை எலியும் முழுக்கச் சாதுவல்ல. எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் பி செல்கள் அதனிடம் இருந்தன. இயற்கைக் கொல்லி செல்கள் என்று சொல்லப்படும் காவல் நாய்களும் இருந்தன. மனிதனுடைய ரத்த அணுக்களை அதில் குடிவைக்க முடியவில்லை. 1983-இல் பிலடெல்பியா நகரத்தில் போஸ்மாவும் அவருடைய சகாக்களும் இன்னொரு குறைப் பிறவியைக் கண்டுபிடித்தார்கள். டி செல், பி செல் இரண்டுமே இல்லாத எலி அது. ‘ஸ்கிட்’ எலி என்று பெயர். ஜப்பானில், நீரிழிவு நோய் தானாகவே வருகிற ‘நாட்’ என்ற எலி வம்சம் ஒன்று இருந்தது. அதில் காவல் நாய்கள் சோம்பேறிகள். அமெரிக்காவின் ஜாக்ஸன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லெனார்ட் ஷல்ட்ஸ் இந்த இரண்டு வம்சத்தையும் கலந்து 1995-இல் ஒரு புதிய எலியை உண்டாக்கினார். பிறகு, பல வெள்ளை அணுக்களுக்கும் உத்தரவு வாங்கித் தரும் ‘காமா’ என்ற புரதச் சங்கிலியையும் அறுத்தார்கள். 2002-இல் ஜப்பானின் மமோரு இட்டோ குழுவினரும், 2005-இல் ஷல்ட்ஸும் தனித்தனியே வெளியிட்ட அந்த எலிகளில் டி செல் இல்லை, பி செல் இல்லை, கொல்லி செல்லும் இல்லை. ஷல்ட்ஸின் எலிக்கு என்.எஸ்.ஜி. என்று பெயர். யார் வந்தாலும் குடியிருக்கலாம், கேட்பார் இல்லை.

இந்த ஜாக்ஸன் நிலையத்துக்கே ஒரு கதை உண்டு. 1929-இல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்தில் பார் ஹார்பர் என்ற சிற்றூரில் தொடங்கப்பட்டது. 1947-இல் காட்டுத் தீ பரவி, அங்கே வளர்ந்த எலிகளில் பெரும்பகுதி கருகிப் போயின. முன்பு அங்கிருந்து எலிகளை வாங்கிப்போன ஆராய்ச்சிக் கூடங்கள் தங்களிடமிருந்த வம்சங்களைத் திருப்பி அனுப்பிவைத்தன. அண்டை வீட்டிலிருந்து உறைமோர் வாங்கி மறுபடியும் தயிர் தோய்ப்பது போலத்தான். உலகமே அந்த நிலையத்தை மீண்டும் உயிர்ப்பித்தது.

காமா சங்கிலி அறுந்துபோவது எலிக்கு மட்டும் நேர்வதல்ல. அமெரிக்காவில் டேவிட் வெட்டர் என்ற சிறுவன் 1971-இல் அதே குறையுடன் பிறந்தான். பன்னிரண்டு வயது வரை ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து 1984-இல் இறந்தான். கூண்டுக்குள் இருக்கும் எலியைப் பற்றிப் பேசும்போது இதையும் மறக்காமல் இருப்பது நல்லது.

இனி ஆயுதத்தின் கதைக்கு வருவோம்.

டி செல் போர்வீரன்தான். ஆனால் புற்றுநோய் வெளியிலிருந்து வந்த பகைவன் அல்லவே! நம் உடம்பிலேயே பிறந்து, நம் சாயலிலேயே இருப்பது. பெரும்பாலும் டி செல்லுக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. எதிர்ப்பொருள் என்ற புரதத்துக்கோ அடையாளம் கண்டுபிடிப்பதுதான் தொழில். ஆனால் கொல்லுகிற வலிமை குறைவு. கண் ஒருவனிடம், கை இன்னொருவனிடம் என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன? 1989-இல் இஸ்ரேல் தேசத்து வெய்ஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தில் ஈஷார் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் இதைச் செய்து காட்டினார்கள். எதிர்ப்பொருளின் தலையை டி செல்லின் வாலோடு பொருத்தினார்கள். சிங்கத் தலையும் பாம்பு வாலும் கொண்ட கிரேக்கக் கதை மிருகம் ஒன்றின் பெயரை இதற்கு வைத்தார்கள். நம் ஊரிலே யாளி என்று சொல்லியிருப்போம். வரதராஜர் கோயில் மண்டபத் தூண்களில் பார்க்கலாம்.

காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதை விளக்க யாளிகூட வேண்டாம். கோர்வை என்று ஒரு சொல் போதும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடா ஓட்டி, இரண்டு ஊடையையும் ஒன்றோடொன்று கோத்து வாங்குகிறார்கள். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். எதிர்ப்பொருளுக்கும் டி செல்லுக்கும் போட்ட கோர்வைக்கு இப்போது ‘கார்-டி’ என்று பெயர். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்களைப் பிரித்தெடுத்து, இந்தக் கோர்வைக்கான ஜீனை அவற்றுக்குள் புகுத்தி, பெருக்கி, திரும்ப அவருக்கே செலுத்துவதுதான் சிகிச்சை.

கோர்வை சரியாக விழுந்ததா என்று தறியில் தெரியும். இந்தக் கோர்வையை எங்கே பார்ப்பது? கண்ணாடிக் குப்பியில் புற்றுச் செல்லைக் கொன்றுவிட்டால் மட்டும் போதாது. ரத்தத்தில் ஓடி, எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து, பகைவனைத் தேடிப் பிடித்து, வாரக்கணக்கில் உயிரோடிருந்து போர் செய்ய வேண்டும். அதற்கு ஒரு முழு உடம்பு வேண்டும். மனிதப் புற்றையும் ஏற்க வேண்டும். மனித டி செல்லையும் விரட்டாமல் இருக்க வேண்டும். எதிர்க்கத் தெரியாத எலிக்கு வேலை வந்தது இப்படித்தான்.

2003-ஆம் ஆண்டு, மிஷெல் சாடலேன், ரெனியர் ப்ரெண்ட்ஜென்ஸ் முதலியோர் ஒரு பரீட்சையை வெளியிட்டார்கள். அது நடந்த இடம் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன்-கெட்டரிங் நிலையம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர் படுத்திருந்த அதே மெமோரியல்தான். ஸ்கிட் எலிகளிலேயே இன்னும் சற்று எதிர்ப்புக் குறைந்த ஒரு வம்சத்தை எடுத்துக்கொண்டார்கள். சில எலிகளுக்கு ஒருவகை மனிதப் புற்றுச் செல்லையும், வேறு சில எலிகளுக்கு இன்னொரு வகையையும் ஏற்றினார்கள். பிறகு பி செல்லின் மேல் இருக்கும் சி.டி.19 என்ற அடையாளத்தைத் தேடிப்போகும் கார்-டி செல்களைச் செலுத்தினார்கள். முதல் வகைப் புற்று பல எலிகளில் அடியோடு அழிந்தது. இரண்டாம் வகை அழியவில்லை.

இரண்டிலும் அதே அடையாளம் இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? முதல் வகைப் புற்றுச் செல்லில் டி செல்லைத் தூண்டிவிடும் இன்னொரு புரதமும் தற்செயலாக இருந்தது. இரண்டாவதில் அது இல்லை. டி செல்லுக்கு ஒரு உத்தரவு மட்டும் போதாது. சர்க்கார் கஜானாவில் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்பார்களே, அதுபோல இரண்டாவது கையெழுத்தும் வேண்டும். அதையும் கோர்வைக்குள்ளேயே நெய்துவிட வேண்டும் என்ற பாடத்தை இந்த எலிகள் உறுதிப்படுத்தின. இரண்டாவது கையெழுத்துக்கு எந்தப் புரதம் சிறந்தது என்ற வாதத்தையும் காமா சங்கிலியற்ற எலிகளிடமே கொண்டுபோனார்கள். 4-1பிபி என்ற புரதத்தைச் சேர்த்தால் டி செல்கள் நீண்ட நாள் தங்குகின்றன என்று 2009-இல் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள்.

பரீட்சையைப் பார்ப்பதற்கும் ஓர் அழகான உபாயம் வைத்திருக்கிறார்கள். மின்மினிப் பூச்சியின் ஒளி ஜீனைப் புற்றுச் செல்லுக்குள் வைத்துவிடுகிறார்கள். எலிக்கு ஒரு மருந்தூசி போட்டு இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால், புற்று இருக்கிற இடமெல்லாம் ஒளிவிடும். நுட்பமான காமிராவுக்கு அது தெரியும். முதுகெலும்பிலே ஒரு கோடு, தொடையிலே ஒரு புள்ளி. நாளுக்கு நாள் ஒளி பரவும். கார்-டி செலுத்திய எலிகளில் ஒளி மங்கி மங்கி அணைந்துவிடும். சாதாரண டி செல் மட்டும் செலுத்திய எலிகளில் அணையாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படித்தவர், படிக்காதவர் யாருக்கும் புரியும்.

இவ்வளவு தெளிவாகப் பேசிய எலி, இரண்டு விஷயங்களில் வாயைத் திறக்கவே இல்லை. அதற்கு மனிதர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

முதலாவது, குறி தவறுகிற ஆபத்து. 2010-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தார் ஒரு துக்கச் செய்தியை வெளியிட்டார்கள். ஹெர்-2 என்ற அடையாளத்தைத் தேடும் கார்-டி செல்கள் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டன. சில நிமிஷங்களிலேயே மூச்சுத் திணறல் வந்தது. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரலின் ஆரோக்கியமான செல்களிலும் அந்த அடையாளம் மிகச் சிறிய அளவில் இருந்ததே காரணம் என்று கருதினார்கள். இம்மாதிரி ஆபத்தை எலி சொல்லாது. எலிக்குள் இருக்கும் மனிதப் பொருள் அந்தப் புற்று ஒன்றுதான். அதன் சொந்த நுரையீரல் எலியின் நுரையீரல். மனித அடையாளத்தைத் தேடும் ஆயுதம் பொதுவாக அதைத் தீண்டுவதில்லை.

இரண்டாவது, புயல். 2012 ஏப்ரலில் பிலடெல்பியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குக் கார்-டி செலுத்தினார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். எலிகளிடம் பார்த்தபடியே டி செல்கள் பெருகின. ஆனால் எலிகளிடம் பார்க்காத ஒன்றும் நேர்ந்தது. கடும் ஜுரம், ரத்த அழுத்தம் விழுந்தது, செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். பரிசோதித்தபோது இண்டர்லூகின்-6 என்ற பொருள் அவள் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதைத் தடுக்கும் மருந்து ஒன்று மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே இருந்தது. ஆராய்ச்சியின் தலைவரான கார்ல் ஜூனுக்கு அந்த மருந்து தெரிந்திருந்ததற்குக் காரணம், அவருடைய மகளுக்கு இருந்த மூட்டுவாதம்! மருந்தைக் கொடுத்ததும் புயல் தணிந்தது. எமிலி பிழைத்தாள், பெரியவளாக வளர்ந்தாள். ஒரு தகப்பனாரின் வீட்டுக் கவலை ஒரு சிகிச்சை முறையையே காப்பாற்றியது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதி கொடுத்தது.

எலி ஏன் இதைச் சொல்லவில்லை? விடை 2018-இல்தான் தெளிவாயிற்று. சாடலேன் குழுவினரும், இத்தாலியின் மிலான் நகரத்து விஞ்ஞானிகளும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். புயலைக் கிளப்புவது முக்கியமாகக் கார்-டி செல்கள் அல்ல; போரைக் கண்டு கலவரமடையும் உடம்பின் சொந்த விழுங்கு செல்கள். அதாவது, விருந்தாளி போட்ட சண்டையைக் கண்டு வீட்டுக்காரர் போடுகிற கூச்சல். என்.எஸ்.ஜி. எலியில் அந்த வீட்டுக்காரருக்குத் தொண்டையே சரியில்லை. எதையும் எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். எதிர்க்காத உடம்பு, எதிர்ப்பினால் வரும் ஆபத்தை எப்படிக் காட்டும்? விழுங்கு செல்கள் சரிவர வேலை செய்யும் வேறு வம்சத்து எலிகளையும், மனித ரத்த அணுக்கள் குடியேறிய எலிகளையும் கொண்டு கேட்டபோதுதான் பதில் வந்தது. இண்டர்லூகின்-1 என்ற இன்னொரு பொருளையும் தடுக்கலாம் என்ற யோசனையும் அவற்றிடமிருந்தே கிடைத்தது.

எலியின் சாட்சியத்துக்குக் காலவரம்பும் உண்டு. மனித டி செல்கள் சில வாரங்களில் எலியின் உடம்பையே அந்நியம் என்று கண்டுகொண்டு தாக்கத் தொடங்கும். எலி இளைத்துக் கூனிப் போகும். ஆகவே ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கேள்வியை அதனிடம் கேட்பதில் பயனில்லை.

இப்போது நம் தேசத்துக்கு வருவோம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினர் டாடா மெமோரியல் மருத்துவமனையாருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு கார்-டியை உருவாக்கினார்கள். அமெரிக்கச் சிகிச்சையில் கோர்வையின் தலைப்பகுதி எலியின் எதிர்ப்பொருளிலிருந்து எடுத்தது. மனித உடம்பு அதை அந்நியம் என்று வெறுக்கலாம் அல்லவா? இவர்கள் அதை மனிதச் சாயலுக்கு மாற்றியமைத்தார்கள். எதிர்ப்புச் சக்தியற்ற எலிகளில் அது புற்றை அழிப்பதையும், புயலுக்குக் காரணமான பொருள்களைக் குறைவாகவே வெளியிடுவதையும் கண்டு 2021-இல் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி பம்பாயில் டாடா நிலையத்தில் முதல் நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 64 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரம் 2025-இல் வெளிவந்தது. பலனைக் கணக்கிட முடிந்தவர்களில் 73 சதவிகிதம் பேருக்குப் புற்று அடங்கியது அல்லது குறைந்தது. எல்லோரும் வேறு வைத்தியங்கள் பலிக்காதவர்கள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இது சாமான்யமல்ல. பலருக்கு ரத்த அணுக்கள் கடுமையாகக் குறைந்தன என்பதையும் அதே விவரத்தில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2017-இல் இந்தச் சிகிச்சைக்கு வைத்த விலை 4,75,000 டாலர். இங்கே சுமார் 40 லட்சம் ரூபாய் என்று வந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் கூலிக்குத் தறி ஓட்டுகிறவருக்கு நாற்பது லட்சமும் நாலு கோடியும் ஒன்றுதானே!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வெற்றியெல்லாம் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்களில். அண்ணாவைக் கொண்டுபோன உணவுக்குழாய்ப் புற்றைப் போன்ற கெட்டிக் கட்டிகளிடம் கார்-டி இன்னும் பெரிய ஜயம் காணவில்லை. எலிகளில் அம்மாதிரிக் கட்டிகள் பலமுறை கரைந்திருக்கின்றன; மனிதர்களில் அவ்வளவாகக் கரையவில்லை.

எலியின் பக்கத்து நியாயம் என்ன என்று சிலர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் அடையாற்றிலிருந்த ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த மசோதாவின் பயனாகவே 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. அதே அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குப் பலியான தம் தங்கையின் நினைவு நெஞ்சில் நிற்க, புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இரக்கம் என்ற ஒரே குணம், ஒரே ஊரில், இரண்டு பக்கம் பார்த்து நின்றது. சட்டம் பரீட்சையைத் தடை செய்யவில்லை. அவசியமில்லாத வேதனை கூடாது, வேறு வழியிருந்தால் பிராணியைத் தவிர்க்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. பட்டுப் புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்பதை அறிந்த ஊரில், இந்த வரம்பின் அருமை எளிதில் விளங்கும். 2023-இல் நம் சர்க்கார் விதிகளைத் திருத்தி, பிராணிகளுக்குப் பதிலாக மனிதச் செல்களைக் கொண்டு செய்யும் பரீட்சைகளையும் ஏற்க வழிசெய்திருக்கிறது. நாளடைவில் எலிகளின் பாரம் குறையலாம்.

பத்திரிகையில் வாரத்துக்கு ஒருமுறையாவது, ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு, எலிகளிடம் வெற்றி’ என்று கொட்டை எழுத்தில் வருகிறது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். நகையை அடகு வைக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்ற யோசனைகூட வந்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். அது எந்த மாதிரி எலி? எத்தனை நாள் பார்த்தார்கள்? எலியால் சொல்ல முடியாததை மனிதர்களிடம் பார்த்துவிட்டார்களா? அந்த 64 பேர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான்.

அந்தக் கத்தரிப்புத் துண்டை வாங்கிப் படித்துவிட்டு, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, “இது இன்னும் எலிக்குத்தான் அம்மா, நமக்கு வரவில்லை” என்று பொறுமையாக எடுத்துச் சொல்லும் டாக்டர்கள் காரப்பேட்டையிலும் அடையாற்றிலும் இருக்க வேண்டும். எமிலியைப் போல ஒரு குழந்தை வந்தால், “இது வந்துவிட்டது, பம்பாய்க்கு எழுதுவோம்” என்று சொல்லவும் அவர்களே வேண்டும்.